ஒரே கிணறு, ஒரே மணற்கல்: கச்சாவும் கோர் எக்ஸ்ட்ராக்ட்டும் ஒத்துப்போகவில்லை

பாறைமாணவி: காவிரிப் படுகைக் கிணறு ஒன்றின் கச்சா எண்ணெய், அதே ஆழத்துக் கோரிலிருந்து (துளையிட்டு எடுத்த பாறைத் தண்டு) சாக்ஸ்லெட் கருவியில் டைகுளோரோமீத்தேன் கரைப்பான் ஊற்றி எடுத்த எக்ஸ்ட்ராக்ட் (கரைந்து வந்த சாறு), இரண்டையும் ஒப்பிடுகிறேன். ஜிசியில் (மூலக்கூறுகளைப் பிரித்துக் காட்டும் கேஸ் குரோமட்டோகிராஃப்) எண்ணெய் சி8-லிருந்தே (எட்டுக் கார்பன் மூலக்கூறு) தெரிகிறது, எக்ஸ்ட்ராக்ட் சி15-க்கு மேல்தான். கனமான போலார் பகுதிகளான அஸ்பால்டீனும் ரெசினும் எக்ஸ்ட்ராக்ட்டில் ஏகத்துக்கு அதிகம். சி31 ஹோப்பேனில் (பாக்டீரியாவிலிருந்து வரும் மூலக்கூறு) முதிர்ச்சியைக் காட்டும் விகிதமான 22எஸ்/(22எஸ்+22ஆர்) எண்ணெயில் 0.59, எக்ஸ்ட்ராக்ட்டில் 0.44. மூலப்பொருளைப் பற்றிச் சொல்லும் பிரிஸ்டேன்/ஃபைட்டேன் விகிதம் மட்டும் ஒன்றாக இருக்கிறது. மூலப்பாறையே (எண்ணெய் உருவான பாறை) வேறு என்று எழுதிவிடலாமா?

ஜிசிக்காரன்: அவசரப்படாதீங்க. லேசான பகுதி கோர் மேலே வரும்போதே கொஞ்சம் போயிடும், மிச்சம் சால்வென்ட்டை ஆவியாக்கும்போது போகும். எண்ணெயையும் அதே மாதிரி டாப்பிங் பண்ணி (லேசானதை ஆவியாக்கி), சி15-க்கு மேலே மட்டும் ஒப்பிடுங்க. அஸ்பால்டீனும் புதிரில்லை: ஓடக்கூடியது கிணற்றுக்கு வந்துவிட்டது, களிமண்ணில் ஒட்டுகிற போலார் பாறையிலேயே தங்கிவிட்டது.

பழைய கோர்: ஜிசிக்காரர் சொன்னது சரி, ஆனால் 0.44-க்கு அது பதில் இல்லை. முதிர்ந்த எண்ணெயில் அந்த விகிதம் 0.57 முதல் 0.62-க்குள் நின்றுவிடும். 0.44 என்றால் வேகாத சரக்கு எதுவோ கலந்திருக்கிறது. டிரில்லிங் மட்டில் (துளையிடும்போது கிணற்றில் விடும் சேற்றுக் கலவை) லிக்னைட் போட்டார்களா? நெய்வேலியில் வெட்டுகிற மாதிரிப் பழுப்பு நிலக்கரிதான். அதில் ஹோப்பேன் கொட்டிக் கிடக்கும், ஸ்டெரேன் (ஸ்டெராலிலிருந்து வரும் மூலக்கூறு) சொற்பம். அதனால் ஹோப்பேன் மட்டும் கெடும், பிரிஸ்டேன் அசையாது. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் ஹோப்பேன் தெரியும் 191 தடத்தில் (m/z 191) பீட்டா-பீட்டா ஹோப்பேன் (வேகாத வடிவம்) தெரிகிறதா பாருங்கள். முதிர்ந்த எண்ணெயில் அது இருக்கவே இருக்காது. அப்புறம் ஸ்டெரேன் தெரியும் 217 தடத்தில் சி29 ஸ்டெரேனின் 20எஸ்/(20எஸ்+20ஆர்), இதுவும் முதிர்ச்சி விகிதம்தான். அதுவும் சேர்ந்து இறங்கியிருந்தால் டிரில்லிங் மட் மீதான சந்தேகத்தை விட்டுவிட்டு, மணற்கல்லுக்குள் ஓடும் மெல்லிய ஷேல் (களிப்பாறை) கோடுகளைச் சந்தேகியுங்கள்.

பாறைமாணவி: நன்றி சார். ஸ்டெரேன் இரண்டிலும் ஒன்றுதான்! பீட்டா-பீட்டா சி31 சின்ன பீக்காக நிற்கிறது. மட் ரிப்போர்ட்டில் குரோம் லிக்னைட் என்று இருக்கிறது. கோரின் மட் ஊறிய ஓரத்தைச் செதுக்கித் தள்ளிவிட்டு நடுத்துண்டை மட்டும் எடுத்தேன்: 0.58. ஆனால் மேலே உள்ள ஆழங்களுக்குக் கோரே இல்லை, கட்டிங்ஸ்தான் (துளையிடும்போது மட்டோடு வரும் பாறைத் துகள்). அதில் நடுத்துண்டுக்கு எங்கே போவது?

பழைய கோர்: கட்டிங்ஸில் ஹோப்பேனை நம்ப வேண்டாம், ஸ்டெரேனை வைத்தே பேசுங்கள். காய்ந்த மட் கொஞ்சம் கேட்டு வாங்கி, அதையும் தனியாக எக்ஸ்ட்ராக்ட் செய்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜிசிக்காரன்: 149 தடத்தையும் ஒருமுறை பாருங்க. பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்த கட்டிங்ஸ் என்றால் தாலேட் (பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள்) வந்து நிற்கும்.