நேபாளத்தின் லாங்டாங் பள்ளத்தாக்கில் நடந்தவர்களே, இன்னும் மனசை விட்டுப் போகாத சந்திப்பு எது?

வால்பாறையான்:
பாதை எல்லோருக்கும் தெரிந்ததுதான், நேராக இரண்டாம் நாளுக்கு வருகிறேன். லாமா ஹோட்டல் என்ற ஊரில் விடிந்ததும் கிளம்பி, கோடாதபேலா தாண்டி, மதியம் அந்தப் பெரிய கற்காட்டின் மேல் நடந்துகொண்டிருந்தேன். நல்ல பசி. ஒரு தட்டைக் கல்லில் உட்கார்ந்து பிஸ்கட்டைப் பிரித்தேன். நெற்றிப் பட்டையில் விறகுக் கூடை தொங்க ஒரு பாட்டி வந்து நின்றார். திட்டவில்லை. கையை நீட்டி, அந்தப் பக்கம் போய் உட்கார் என்று காட்டினார். கால் வலிக்கிறது என்று சைகை செய்துவிட்டு நான் அங்கேயே சாப்பிட்டேன். முடிக்கும் வரை நின்றார். அப்புறம் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்.

ராத்திரி லாட்ஜ் அடுப்படியில் சொன்னபோதுதான் புரிந்தது. நான் உட்கார்ந்திருந்தது பழைய லாங்டாங் ஊரின் மேல். பாட்டியின் மகளும் பேரனும் இன்னும் அதற்கு அடியில்தான் இருக்கிறார்களாம். 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் பனியும் பாறையும் சரிந்து ஊரே புதைந்தது, முந்நூறு பேருக்கு மேல் போனார்கள் என்று படித்துவிட்டுத்தான் போனேன். ஆனால் நேரில் பார்த்தபோது வெறும் கல்லாகத்தான் தெரிந்தது. மறுநாள் பாட்டியைத் தேடினேன், மேல் மேய்ச்சலுக்குப் போய்விட்டாராம்.

சேலத்துக்காரன்:
தம்பி, லாமா ஹோட்டல் சுமார் 2,480 மீட்டர், லாங்டாங் 3,430. ஒரே நாளில் கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் ஏறியிருக்கிறீர்கள். அந்தக் களைப்பில் யார் என்ன சொன்னாலும் மண்டையில் ஏறாது.

எங்கள் குழுவிலும் ஒருவர் அவசரப்பட்டு லாமா ஹோட்டலில் இருந்து ஒரே நாளில் கியான்ஜின் கோம்பா போனார். 3,870 மீட்டர். மறுநாள் காலை ஷூ கயிற்றைக் கையில் பிடித்தபடி கால் மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிச்சுப் போடத் தெரியவில்லை, உயரம் மூளையைத் தாக்கியிருந்தது. உடனே கீழே இறக்கினோம், பிழைத்தார்.

அதனால் சொல்கிறேன். 3,000 மீட்டருக்கு மேலே, தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னொரு ராத்திரி தங்குங்கள். பகலில் மேலே ஏறிப் பார்த்துவிட்டு இறங்கித் தூங்குவது நல்லது. தலைவலியோடு வாந்தி வந்தால் அன்றைக்கு மேலே ஏறக்கூடாது. சந்தேகம் வந்தால் ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரலோடு ஒட்டி ஒட்டி நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் விடியும் வரை காத்திருக்க வேண்டாம், டார்ச் பிடித்தாவது இறக்கிவிடுங்கள். உயர நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரை போடுவதென்றால் ஊரிலேயே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள், சல்ஃபா வகை மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் முக்கியமாக. தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம்.

மலைமுகடு:
சேலத்து அண்ணா, நீங்கள் சொன்னதெல்லாம் சரி. ஆனால் அவர் கேட்டது உயரத்தைப் பற்றியே இல்லையே. களைப்பு என்று அதை ஒதுக்கிவிட முடியாது. அந்த இடத்தில் எனக்கும் ஊர் தெரியவில்லை. எதிர்ச் சரிவில், அந்தப் பனிச்சரிவு கிளப்பிய காற்று அடித்தே ஒரே பக்கமாகச் சாய்ந்துகிடந்த மரங்களைப் பார்த்த பிறகுதான் உடம்பு நடுங்கியது. பாறைக்கு அடியில் ஒரே ஒரு வீடு தப்பி நிற்பதைப் பார்த்தீர்களா?

என் கதை சின்னது. பேம்பூ என்ற இடம் தாண்டி, கோவேறு கழுதைகள் வரும்போது நான் ஆற்றுப் பக்கமாக ஒதுங்கினேன். கேஸ் சிலிண்டர் என் தோளில் இடித்தது. பின்னால் வந்த பையன், பதினைந்து வயதுகூட இருக்காது, என் பைப் பட்டையைப் பிடித்து மலைப் பக்கம் இழுத்தான். கீழே லாங்டாங் ஆறு. நன்றி சொல்லத் திரும்புவதற்குள் கழுதைகளின் பின்னால் ஓடிவிட்டான். மணிச் சத்தம் மட்டும் கேட்டது.

திருச்சிக்காரி:
நான் போனது 2014 நவம்பரில். அந்த ஊர் இருந்தபோது.

மர ஜன்னல் வைத்த ஒரு கல்வீட்டில் தங்கினோம். அந்த வீட்டுப் பெண் குழந்தைக்கு ஆறு வயது இருக்கும். என் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அட்டையில் இருந்து ஒரு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து வைத்துவிட்டேன். ஓடிப் போய் செம்புத் தண்ணீரில் முகத்தைப் பார்த்தாள், திரும்பி வந்து இன்னொன்று கேட்டாள், அம்மாவுக்கு. இரண்டு பேரையும் வாசலில் நிறுத்திப் படம் எடுத்தேன்.

2018இல் அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டு எடுத்துப் போனேன். பெயர்கள் பொறித்த நினைவுச் சுவருக்கு முன்னால் நின்றபோதுதான் உறைத்தது, நான் அவள் பெயரைக் கேட்கவே இல்லை. சுவரை வலப்பக்கம் வைத்துச் சுற்றிச் சுற்றி வந்தேன். யாரிடமும் காட்டத் தைரியம் வரவில்லை. இருக்கிறாளா என்று தெரிந்துகொள்ளவே பயம். படம் என் பீரோவில் இருக்கிறது.

வால்பாறையான்:
அக்கா, அக்டோபரில் மறுபடி போகிறேன், அந்தப் பாட்டியைப் பார்க்கத்தான். ஒரு பிரதி கொடுங்கள். அவரிடம் காட்டுகிறேன், தன் ஊர்ப் பிள்ளையை அவருக்குத் தெரியாமல் இருக்காது. உங்களுக்கு என்ன சொல்லவேண்டும், எதைச் சொல்லக்கூடாது என்று இப்போதே எழுதிவிடுங்கள்.

சேலத்துக்காரன்:
படத்தை லாமினேட் பண்ணி எடுத்துப் போங்கள் தம்பி, பைக்குள் ஈரம் இறங்கும். தசைன் பண்டிகை சமயம், நடை தொடங்கும் சியாப்ருபேசிக்குப் போகும் பஸ்ஸில் இடம் கிடைக்காது, முன்பே சொல்லி வையுங்கள். இந்தத் தடவை கோடாதபேலாவில் ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போங்கள்.