சுண்ணாம்புக்கல் சுவரில் குளிர்காலப் புதுத் தடம்: நம்மூர்க் கருங்கல் பழக்கத்தில் எதை மாத்தணும்?

கோபி_கயிறு:

எல்லாருக்கும் வணக்கமுங்க. நாங்க மூணு பேர், மூணு பேரும் உத்தரகாசியில் மலையேற்ற அட்வான்ஸ் கோர்ஸ் முடிச்சவங்க. கல்லில் பழகினது பூராவும் ஈரோடு, சேலம் சுத்துவட்டாரக் கருங்கல்தான். வர்ற ஜனவரியில் இமாச்சலத்து ஸ்பிட்டிப் பக்கம் வடக்குப் பார்த்த ஒரு சுண்ணாம்புக்கல் சுவரை ஏறலாம்னு இருக்கோம். உயரம் 500 மீட்டர் வரும், நல்ல செங்குத்து. ஏறின பதிவு எதுவும் எங்களுக்குக் கிடைக்கலை.

கேம் (விரிசலுக்குள்ளே பல்லு விரிஞ்சு பிடிக்கிற கருவி) மட்டும் போதுமா, பிட்டன் (விரிசலில் அடிக்கிற ஆணி) வேணுமா, வேணும்னா எத்தனை? தண்ணிக்கும் கேஸுக்கும் கணக்கு எப்படிப் போடறது? பாதியில் திரும்ப வேண்டி வந்தா எப்படி இறங்கறது? கடைசியா ஒண்ணு, "குளிர்கால முதல் ஏற்றம்"னு சொல்லிக்க எந்தத் தேதிக்குள்ள முடிக்கணும்? அனுபவம் இருக்கிற அண்ணன்மார் சொல்லுங்க.

சங்ககிரி_உளி:

தம்பி, முதல்ல கல்லைப் பத்திப் பேசிருவோம். நம்ம கருங்கல்லில் ஃபெல்ஸ்பாரும் வெங்கச்சங்கல்லும்தான் அதிகம், மோஸ் கடினத்தன்மை அளவில் 6, 7. சுண்ணாம்புக்கல்லில் இருக்கிற கால்சைட் வெறும் 3. பேனாக்கத்தியிலேயே கீறல் விழும். மழைத்தண்ணியில் கலந்திருக்கிற லேசான அமிலமே அதைக் கரைச்சுக்கிட்டு இருக்கும். அதனால்தான் விரிசல் நேரா, ஒரே அகலமா ஓடாது. குழியும் பொந்தும் துளையுமா இருக்கும், உள்ளே வழவழன்னு கழுவி விட்ட மாதிரி இருக்கும். கல்லு எதுன்னு சந்தேகம் வந்தா நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விடுங்க. பொங்கி நுரைச்சா சுண்ணாம்புக்கல். பொடி பண்ணினாத்தான் நுரைக்குதுன்னா டோலமைட்.

கேம் உராய்வை நம்பி நிக்கிற சாமான். வழவழப்பான சுவர், மேல கண்ணாடி மாதிரி ஐஸ் படலம்னா வழுக்கிக்கிட்டு வெளியே வந்துரும். பார்க்கிறதுக்கு நாலு பல்லும் கச்சிதமா உக்காந்த மாதிரியே இருக்கும், அதுதான் ஆபத்து. பொந்துக்கு டிரைகேம் (மூணு முனையில் ஊணி நிக்கிற கருவி) எடுத்துக்கோங்க. நட்டை (விரிசலில் செருகற உலோக ஆப்பு) வைச்சுச் சுத்தியலால் ரெண்டு தட்டுத் தட்டி உக்கார வைங்க. எல்லாத்தையும் விட நல்லது கல்லுக்குள்ளேயே ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வர்ற துளை. அதில் நாடா கோர்த்தா அதுக்கு மேல ஒண்ணு வேண்டாம். கருங்கல்லில் அபூர்வமான இது சுண்ணாம்புக்கல்லில் அடிக்கடி கிடைக்கும். பனி மூடியிருந்தா கண்ணுக்குத் தெரியாது. கையால தட்டித் துடைச்சுத் தேடணும்.

பிட்டன் கட்டாயம் வேணும். 500 மீட்டருக்கு 15 எடுத்துட்டுப் போங்க. மெல்லிசு அலகு 5, நடுத்தரம் 5, V மாதிரி மடிச்ச ஆங்கிள் 3, மெல்லிசுக் கொக்கி மாதிரிப் பீக் 2. மெது எஃகா வாங்குங்க. குரோமோலி (கெட்டி எஃகு) கருங்கல்லின் நேர் விரிசலுக்கு அருமையானது, அடிச்சுக் கழட்டித் திரும்பத் திரும்பப் பாவிக்கலாம். ஆனா சுண்ணாம்புக்கல் விரிசல் உள்ளே வளைஞ்சு போகும். மெது எஃகுதான் அந்த வளைவுக்குத் தானும் வளைஞ்சு பிடிக்கும். கோணிப்போன பிட்டனைக் கழட்ட மெனக்கெட வேண்டாம், அங்கேயே விட்டுருங்க.

கிணறு வெட்டறவங்க கல்லைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்பாங்களே, இதுவும் அதே வேலைதான். பாதி கையாலேயே உள்ளே போகணும். மீதியை அடிக்க அடிக்கச் சத்தம் 'டங் டிங்'னு ஏறிக்கிட்டே போகணும். 'பொத்'னு விழுந்தா உள்ளே மண்ணோ ஐஸோ வெத்திடமோ இருக்கு, இல்லாட்டி பக்கத்துப் பலகைக்கல் விலகுது. பலகை விலகினா முன்னாடி அடிச்ச பிட்டனும் சேர்ந்து தளரும். பிட்டன் முழுசா இறங்காம நின்னா அதோட ஓட்டையில் கேரபினர் (கொக்கி வளையம்) மாட்டாதீங்க. கல்லை ஒட்டி, தண்டில் நாடாவை இறுக்கிக் கட்டிருங்க, நெம்புகோல் வேலை செய்யாது. ஐஸ் நிறைஞ்ச விரிசலில் பிட்டன் உறுதியா இருக்கிற மாதிரி ஏமாத்தும். முதல்ல கோடரி முனையால ஐஸைக் கொத்தி எடுங்க. கிடை விரிசல் கிடைச்சா நேர் விரிசலை விட அதுதான் மேல்.

போல்ட் வேண்டாம்னு நான் சொல்லலை. பிலே (ஏறறவருக்குக் கயிறைப் பிடிச்சு) நிக்கிற இடத்தில் வேற வழியே இல்லாதப்ப மட்டும் 10 மி.மீ. போல்ட், ரெண்டு போல்ட்டுக்கு நடுவிலும் கல்லோட ஓரத்திலிருந்தும் 20 செ.மீ.யாவது தள்ளி. மேல்தோல் உளுத்திருக்கும், சுத்தியலால் தட்டிக் கெட்டி இடம் பார்த்துத் துளை போடுங்க. தூசியை ஊதி எடுக்காம அடிச்சா போல்ட் பாதியில் நின்னுரும். நடுவழியில் வரிசையாப் போல்ட் அடிச்சு ஏறினா அந்தச் சுவரை நீங்க ஏறினதாவே எனக்குத் தோணாது.

பழகறதுக்கு நம்மூர்க் கோயில் குன்றில் ஆணி அடிக்காதீங்க. அறச்சலூர் மாதிரி தமிழிக் கல்வெட்டு இருக்கிற இடத்துப் பக்கமே சுத்தியலைக் கொண்டு போகக்கூடாது. மதுக்கரை, சங்ககிரி சுண்ணாம்புக்கல் உருமாறிப் படிகமான கல், அதுவும் சுரங்க நிலம். அங்கே ஏற இடமில்லை. தெரிஞ்சவங்க பட்டா நிலத்தில் உதிரிப்பாறை இருந்தா கேட்டுட்டு அதில் அடிச்சுப் பழகுங்க. விரிசலின் வளைவு வேற மாதிரி இருந்தாலும் காதுக்குப் பழக்கம் வரும்.

திருப்பூர்_தறி:

உடுப்புக்கு மட்டும் சொல்றேனுங்க. நம்மூர்க் காட்டன் பனியன் உடம்பை ஒட்டி ஒண்ணு கூட வேண்டாம். வேர்வையைக் குடிச்சு வைச்சுக்கும், நின்ன உடனே சில்லிட்டுரும். மெரினோ இல்லாட்டி பாலியெஸ்டர் பின்னல், அதுக்கு மேல ஃபிளீஸ், பிலேயில் நிக்கறப்ப எல்லாத்துக்கும் மேல மாட்டிக்கிற மாதிரிப் பெரிய, உள்ளே அடைப்பு வைச்ச கதகதப்புக் கோட்டு. கையுறை ஆளுக்கு மூணு ஜோடி, மணிக்கட்டில் கயிறு கட்டினது. ஒரு உறை கீழே விழுந்தா அந்தக் கை போச்சு.

விரல் வெளுத்து மரத்துப் போனா தேய்க்கவே தேய்க்காதீங்க. தேங்காயெண்ணெய் தடவித் தேய்க்கிற பழக்கம் இங்கே கெடுதல். உறைஞ்ச திசுவைத் தேய்ச்சா உள்ளே கிழியும். 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான தண்ணியில் வைக்கணும், அதுவும் மறுபடி உறையாதுன்னு உறுதியான பிறகுதான். உருகி மறுபடி உறைஞ்சா விரலே போயிரும்.

உதகை_உறைபனி:

தண்ணிக் கணக்கு இதோங்க. ஆளுக்கு நாளைக்கு 3 லிட்டர், மூணு பேருக்கு 9. மைனஸ் 15 டிகிரிப் பனி ஒரு கிலோவை உருக்கித் தண்ணியாக்க ஏறக்குறைய 365 கிலோஜூல் வேணும். அதை 80 டிகிரிக்குச் சுடவைக்க இன்னொரு 335. 4,500 மீட்டரில் தண்ணி 85 டிகிரி வாக்கிலேயே கொதிச்சுரும், அதனால 80 போதும். ஆக லிட்டருக்கு 700, நாளைக்கு 6,300 கிலோஜூல். கேஸ் ஒரு கிராமுக்கு 46 கிலோஜூல் தரும், காத்திலும் பாத்திரத்திலும் பாதி வீணாகும்னு வைங்க. 6,300-ஐ 23-ஆல் வகுத்தா 274 கிராம். நாலு நாளைக்கு 1.1 கிலோ. 230 கிராம் டப்பா 5, புயலில் மாட்டிக்கிட்டா இருக்கட்டும்னு இன்னும் ஒண்ணு.

டப்பா எது வாங்கறோம்கிறது முக்கியமுங்க. சாதா பியூட்டேன் மைனஸ் அரை டிகிரிக்குக் கீழே ஆவியாகாது. ஐசோபியூட்டேன் மைனஸ் 12 வரைக்கும், புரொப்பேன் மைனஸ் 42 வரைக்கும். கடல் மட்டக் கணக்கு இது, உயரத்தில் இன்னும் கொஞ்சம் கீழே தாங்கும். ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்த திருகு டப்பாதான் வேணும். அதிலும் புரொப்பேன் முதல்ல தீர்ந்துரும், அடியில் மிச்சம் இருக்கிறது சோம்பும். ராத்திரி டப்பாவைத் தூங்கற பைக்குள்ளே வைச்சுக்கோங்க.

2 கிலோவாட் அடுப்பில் பாதி வீண் போச்சுன்னா அந்த 9 லிட்டருக்கு ஒண்ணே முக்கால் மணி நேரம் பிடிக்கும். உங்க நாள் திட்டத்தில் இந்த நேரத்தைத்தான் எல்லாரும் மறந்துடறாங்க. அந்த அட்சரேகையில் ஜனவரிப் பகலே 10 மணி நேரம்தான். காலையில் அடுப்பு, ஷூ, கயிறு உதர்றதுன்னு ரெண்டு மணி போனா ஏறறதுக்கு என்ன இருக்கு? புதுத் தடத்தில் நாளைக்கு 3 கயிறு நீளம் (ஒரு பிலேயிலிருந்து அடுத்த பிலே வரை ஒண்ணு) ஏறினா நல்ல வேகம். 500 மீட்டர்னா 11 கயிறு நீளம் வரும், நாலு பகல், மூணு ராத்திரி.

பாத்திரத்தில் முதல்ல கொஞ்சம் தண்ணி ஊத்திட்டு அப்புறம் பனியைப் போடுங்க, வெறும் பனி அடியில் தீஞ்ச வாடை அடிக்கும். கூடாரத்துக்குள்ளே அடுப்பு எரிஞ்சா மேல் ஜிப் ஒரு சாண் திறந்திருக்கணும், கார்பன் மோனாக்சைடு வாசமில்லாம ஆளைக் கொல்லும். சாப்பாட்டுக்குக் கடலைமிட்டாய் வேண்டாம், உறைஞ்சா பல்லு உடையும். சத்துமாவு, நாட்டுச்சர்க்கரை, நெய் கலந்து பொட்டலம் கட்டிக்கோங்க, சுடுதண்ணி ஊத்தினாப் போதும்.

கோபி_கயிறு:

ரொம்ப நன்றிங்ணா. டப்பா ரெண்டுதான் நினைச்சிருந்தோம்! வடக்குச் சுவர் சரிதானுங்களா? தெற்குப் பக்கம் வெயிலாவது விழும்னு எங்களில் ஒருத்தர் சொல்றார்.

ஆசனூர்_மேடு:

வடக்குதான் சரிங்க. சுண்ணாம்புக்கல் மலை தண்ணியை உள்ளுக்குள்ளே வாங்கிப் படிவு அடுக்கு வழியா வெளியே விடும். தெற்கில் பகலில் உருகி ராத்திரி உறையும். உறையறப்ப விரிசலை நெம்பி விடும், வெயில் ஏறினதும் கல்லு கொட்டும். ஸ்பிட்டிப் படிவுப்பாறை அடுக்கடுக்கா உடையற கல்லு, அங்கே இது இன்னும் மோசம். வடக்கில் எல்லாம் உறைஞ்சே நிக்கும். குறை என்னன்னா, திட்டுகளில் பனி இறுகாம சீனி மாதிரி உதிரியாக் கிடக்கும். அதை நம்பி மிதிக்கக்கூடாது, அள்ளித் தள்ளிட்டுக் கல்லைத் தேடணும். பனி பெய்ஞ்சா ரெண்டு நாள் சுவரில் கால் வைக்காதீங்க.

இறங்கறதை ஏறறதுக்கு முன்னாடியே யோசிங்க. 11 தடவை கயிறு விட்டு இறங்கணும்னா ஒவ்வொரு இடத்துக்கும் 2 மீட்டர்னு 7 மி.மீ. சுருக்குக் கயிறு 22 மீட்டர் தனியா வேணும். அதை ஏறறப்ப எடுத்துச் செலவு பண்ணக்கூடாது. 60 மீட்டர் அரைக்கயிறு (ரெண்டைச் சேர்த்துப் பாவிக்கிற மெல்லிசுக் கயிறு) ரெண்டு, நீர் ஒட்டாத பதம் போட்டது. நனைஞ்சு உறைஞ்ச கயிறு கம்பி மாதிரி விறைக்கும், ஜூமாரின் (கயிறைக் கவ்விப் பிடிச்சு ஏற உதவற கருவி) பல்லில் ஐஸ் அடைச்சு வழுக்கும். சின்னப் பிரஷ் ஒண்ணு கழுத்தில் தொங்கட்டும். ஜூமாருக்குக் கீழே பிரூசிக் முடிச்சு (பாரம் விழுந்தா இறுகிப் பிடிக்கும்) ஒண்ணு எப்பவும் இருக்கட்டும்.

பக்கவாட்டில் குறுக்கே போற இடம்தான் கண்ணி. 1936-இல் சுவிட்சர்லாந்து ஐகர் மலையின் வடக்குச் சுவரில், அதுவும் சுண்ணாம்புக்கல்தான், ஹின்டர்ஸ்டாய்சரும் கூட வந்த மூணு பேரும் குறுக்கே போன இடத்தில் கயிறை உருவி எடுத்துட்டாங்க. திரும்பி வர்றப்ப கல்லு ஐஸ் பூசி நின்னுச்சு, கடக்க முடியலை, நாலு பேரும் இறந்தாங்க. குறுக்குப் பாதையில் ஒரு கயிறை விட்டுட்டே போங்க, அதுக்குன்னு 40 மீட்டர் கூடுதலா எடுங்க. நிலைக்கயிறு கட்டி ஏறறதா இருந்தா கல்லு விளிம்பில் உரசற இடம் ஒவ்வொண்ணிலும் துணி சுத்துங்க. 1966-இல் அதே சுவரில் ஜான் ஹார்லின் ஏறிக்கிட்டிருந்த 7 மி.மீ. நிலைக்கயிறு அறுந்துதான் இறந்தார்.

தேதிக்கு வர்றேன். டிசம்பர் 21 அல்லது 22-லிருந்து மார்ச் 20 வரைன்னுதான் மலையேறிகள் பொதுவா ஏத்துக்கறாங்க. முதல் கயிறு நீளத்திலிருந்து உச்சி வரைக்கும் அதுக்குள்ளே முடியணும். தொடர்ச்சியும் முக்கியம். ஐகர் வடக்குச் சுவரை 1961 மார்ச்சில் ஹீபெலர், கின்ஷோஃபர், மன்ஹார்ட், அல்ம்பெர்கர் நாலு பேரும் குளிர்காலத்தில் முதல்தடவையா ஏறினாங்க. அவங்க முதல் முயற்சியில் மலைக்குள்ளே போற ரயில் சுரங்கத்தின் சன்னல் வழியா வெளியே வந்து, அப்புறம் அதே சன்னலிலிருந்து தொடர்ந்தாங்கன்னு பின்னாடி தெரிய வந்தப்ப பெரிய வாக்குவாதமே நடந்துச்சு. நீங்க கீழ்ப்பாதியை ஒரு தடவை, மேல்பாதியை இன்னொரு தடவை ஏறினா அதை அப்படியே எழுதிருங்க, மறைக்காதீங்க.

அனுமதிக்கு இந்திய மலையேற்ற அறக்கட்டளையில் முன்கூட்டியே எழுதுங்க. சாட்டிலைட் போனோ அந்த மாதிரிச் செய்திக் கருவியோ தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாம நம்ம நாட்டில் வைச்சிருக்கக்கூடாது. வாங்கி வைச்சுட்டு அப்புறம் யோசிக்காதீங்க.

உதகை_உறைபனி:

ஒண்ணு விட்டுப்போச்சுங்க. தெரிஞ்ச ஐஸ்கிரீம் கடையில் கேட்டு டீப் ஃபிரீசரில் ஒரு ராத்திரி நெத்தி விளக்கு, துளைக்கருவியோட பேட்டரி, லைட்டர், கையுறை எல்லாம் வைங்க. அதில் மைனஸ் 18 இருக்கும். காலையில் எடுத்த கையோட அந்தக் கையுறையை மாட்டிக்கிட்டு கிளோவ் ஹிட்ச், முன்டர் ஹிட்ச், பிரூசிக் மூணு முடிச்சையும் கட்டிப் பாருங்க, துளைக்கருவி எத்தனை துளை போடுதுன்னு எண்ணிக்கோங்க. வெளியில் வைச்ச பேட்டரி போடற எண்ணிக்கையையும் பக்கத்திலேயே எழுதி வைங்க. அந்த ரெண்டு எண்ணையும் இங்கேயே போடுங்க, எத்தனை பேட்டரி தூக்கணும்னு கணக்குப் போட்டுத் தர்றேன்.