இதயத்தைக் கணிக்கும் நியூரல் நெட்வொர்க்: பயிற்சித் தரவைக் காட்டாதவருக்குக் காப்புரிமை கொடுக்கலாமா?

கிண்டி_ஏஜென்ட் எழுதியது:

ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் மேல்முறையீட்டு வாரியம் 2020 மே மாதம் டி 161/18 என்ற வழக்கில் ஒரு தீர்ப்பு கொடுத்தது. இதயம் சம்பந்தப்பட்ட ஏ.ஐ. விண்ணப்பம் எழுதுகிறவர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் எழுத உட்கார வேண்டும் என்பது என் கருத்து.

விஷயம் இதுதான். ஆஸ்திரியாவின் ஏஆர்சி சைபர்ஸ்டோர்ஃப் நிறுவனம் ஒரு முறைக்குக் காப்புரிமை கேட்டது. இதயத்திலிருந்து தள்ளியிருக்கும் ஓர் இடத்தில் தமனியின் ரத்த அழுத்த அலையை அளக்கிறார்கள். அதை ஒரு நியூரல் நெட்வொர்க் பெருந்தமனியில் இருக்கக்கூடிய அழுத்த அலையாக மாற்றுகிறது. அதிலிருந்து கார்டியாக் அவுட்புட், அதாவது இதயம் நிமிடத்துக்கு எவ்வளவு ரத்தத்தைத் தள்ளுகிறது என்பது கணக்கிடப்படுகிறது. நல்ல யோசனை, மறுக்கவில்லை. ஆனால் நெட்வொர்க்கை எதை வைத்துப் பழக்கினார்கள்? பல வயது, இரு பால், பலவித உடல்வாகு, பலவித உடல்நிலை கொண்ட நோயாளிகளின் தரவு வேண்டும் என்று பொதுவாகச் சொன்னதோடு விண்ணப்பம் நின்றுவிட்டது. மாதிரிக்கு ஒரு தரவுத் தொகுப்புகூட இல்லை.

வாரியம் இரண்டு காரணங்களால் நிராகரிப்பை உறுதிசெய்தது. ஒன்று, இதைப் படிக்கும் துறை வல்லுநர் அந்தப் பயிற்சியைத் திரும்பச் செய்ய முடியாது. ஆகவே வெளிப்படுத்தல் போதவில்லை. இரண்டு, சொல்லப்படும் பலன் உண்மையில் கிடைக்கும் என்று நம்ப ஆதாரமில்லை. ஆகவே புத்தாக்கப் படியும், அதாவது வல்லுநருக்கு எளிதில் தோன்றாத புதுமையும் இல்லை.

நம் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில் பிரிவு 10(4) கேட்பதும் இதைத்தான்: கண்டுபிடிப்பையும் அதைச் செய்யும் முறையையும் முழுமையாகச் சொல், உனக்குத் தெரிந்த சிறந்த முறையைச் சொல். சென்னை கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகத்திலும் இதே கண்டிப்பு வர வேண்டும் என்கிறேன். மாற்றுக் கருத்து இருப்பவர்கள் வாருங்கள்.

அலைவரிசை எழுதியது:

எனக்கு மாற்றுக் கருத்து இருக்கிறது சார். ஈசிஜி அல்காரிதம் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன், அங்கிருந்து பேசுகிறேன்.

ஐரோப்பாவை மேற்கோள் காட்டுகிறீர்கள். அதே அலுவலகத்தின் பரிசோதனை வழிகாட்டியில், ஒழுங்கற்ற இதயத்துடிப்பைக் கண்டுபிடிக்க இதயக் கண்காணிப்புக் கருவியில் நியூரல் நெட்வொர்க்கைப் பயன்படுத்துவது தொழில்நுட்பப் பங்களிப்பு என்று எடுத்துக்காட்டாகவே எழுதியிருக்கிறது. நெட்வொர்க்கின் அமைப்பு, உள்ளே போவது என்ன, வெளியே வருவது என்ன, எந்த முறையில் பழக்குவது, இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு நல்ல எஞ்சினியர் தன் தரவை வைத்துப் பழக்கிக்கொள்வார். அது எங்கள் துறையில் அன்றாட வேலை.

அமெரிக்காவையும் பாருங்கள். கார்டியோநெட், இன்ஃபோபயோனிக் கம்பெனிகளின் வழக்கில் 2020 ஏப்ரலில் காப்புரிமை மேல்முறையீடுகளைக் கேட்கும் ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம், துடிப்புக்குத் துடிப்பு மாறும் இடைவெளியை வைத்து ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனை, அதாவது இதய மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிக்கும் கோளாறைக் கண்டுபிடிக்கும் கருவி, காப்புரிமை கொடுக்க முடியாத வெறும் அருவக் கருத்து இல்லை, இதயக் கண்காணிப்புத் தொழில்நுட்பத்தின் மேம்பாடு என்றது. கீழ் நீதிமன்றம் தள்ளியதை மேல் நீதிமன்றம் தூக்கி நிறுத்தியது. அங்கே யாரும் நோயாளி தரவைக் கொண்டுவா என்று கேட்கவில்லை.

கிண்டி_ஏஜென்ட் எழுதியது:

அங்கே கேட்கத் தேவை வரவில்லை தம்பி. அந்தக் காப்புரிமையில் தீர்மானிக்கும் விதி எழுத்திலேயே இருந்தது: துடிப்பு இடைவெளியின் மாறுபாட்டை அளவிடு, கீழறையிலிருந்து கிளம்பும் துடிப்புகளைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பொருத்தத்தைப் பார். படித்தவுடன் செய்து பார்க்கலாம். உங்கள் நெட்வொர்க்கில் அந்த விதி எங்கே இருக்கிறது? வெயிட்டுகளில், அதாவது பயிற்சியில் நெட்வொர்க் கற்றுக்கொண்ட எண்களில் இருக்கிறது. வெயிட்டுகள் எங்கிருந்து வந்தன? தரவிலிருந்து. அதைத்தான் நீங்கள் மறைக்கிறீர்கள்.

அதே கார்டியோநெட்டின் இன்னொரு காப்புரிமை, ஈசிஜியில் ஒவ்வொரு துடிப்பின் கடைசியில் வரும் டி அலையை வடிகட்டுவது பற்றியது, 2021 அக்டோபரில் அதே நீதிமன்றத்தில் தகுதி இழந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

டாக்டர்_வைகை எழுதியது:

சட்டப் பிரிவுகளைப் பேச நீங்கள் இருக்கிறீர்கள். படுக்கைப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன்.

ரத்த அழுத்தம் விழுந்து ஷாக்கில் வந்த நோயாளிக்கு, ரத்தக்குழாயை இறுக்கும் நார்அட்ரினலின் மருந்து ஓடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கை, கால் ரத்தக்குழாய்கள் இறுகிக் கிடக்கும். விரல் சில்லென்று இருக்கும். அந்த விரலில் கிடைக்கும் அலை சப்பையாக, உச்சி மழுங்கி வரும். பெருந்தமனியில் அழுத்தம் ஓரளவு நன்றாக இருக்கும்போதே மணிக்கட்டில் அதைவிடக் குறைவாகக் காட்டுவது உண்டு. அதாவது, கார்டியாக் அவுட்புட்டை நாங்கள் அவசரமாகத் தெரிந்துகொள்ள வேண்டிய அந்த நேரத்தில்தான் விரலுக்கும் பெருந்தமனிக்கும் உள்ள உறவு உடைந்து போகிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருந்தால் ஒவ்வொரு துடிப்புக்கும் வெளியேறும் ரத்தம் மாறும். பெருந்தமனி வால்வு கசிந்தால் அலையின் வடிவமே வேறு.

இந்த நோயாளிகள் பயிற்சித் தரவில் இருந்தார்களா இல்லையா என்பதை வைத்துத்தான் அந்தக் கருவி சொல்லும் எண்ணை நம்புவதா வேண்டாமா என்று நான் முடிவு செய்வேன். "பலவித உடல்நிலை" என்ற இரண்டு சொல் எனக்கு எதையும் சொல்லவில்லை. அலைவரிசை சார், இதை அன்றாட வேலை என்று நீங்கள் ஒதுக்குவதுதான் என்னைக் கலங்க வைக்கிறது. உங்கள் கண்டுபிடிப்பின் பாதி அங்கேதானே இருக்கிறது?

அலைவரிசை எழுதியது:

டாக்டர் மேடம், நீங்கள் சொல்வது பாதுகாப்பு பற்றிய கேள்வி. அதற்கு அமெரிக்காவில் எஃப்டிஏ, இங்கே சிடிஎஸ்சிஓ என்று மருந்து, மருத்துவக் கருவிகளைக் கட்டுப்படுத்தும் அமைப்புகள் இருக்கின்றன. நோயாளி எண்ணிக்கை, சோதனை முடிவு எல்லாம் அங்கே கொடுத்தாக வேண்டும். காப்புரிமை அலுவலகம் இரண்டாவது மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகமாக மாற வேண்டியதில்லை.

கணக்கு என்றாலே சந்தேகப்படும் பழக்கம் புதிதும் இல்லை. மாரடைப்பு வந்து தேறியவர்களில் யாருக்கு ஆபத்தான வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியா, அதாவது கீழறையிலிருந்து கிளம்பும் அதிவேகத் துடிப்பு வரலாம் என்று ஈசிஜி சிக்னலிலிருந்து சொல்லும் டாக்டர் சிம்சனின் காப்புரிமையை, இது வெறும் கணித அல்காரிதம் என்று கீழ் நீதிமன்றம் ரத்து செய்தது. 1992இல் ஃபெடரல் சர்க்யூட், வெளியே வரும் எண் வெற்று எண் இல்லை, நோயாளியின் இதயச் செயல்பாட்டைக் காட்டும் சிக்னல் என்று சொல்லித் திருப்பியது. அரித்மியா ரிசர்ச் டெக்னாலஜி, கோரசோனிக்ஸ் வழக்கு. அந்தப் பெருந்தன்மை இல்லாமல் இந்தத் துறை வளர்ந்திருக்காது.

கிண்டி_ஏஜென்ட் எழுதியது:

சிம்சனை நீங்களே கொண்டுவந்தது நல்லதாகப் போயிற்று. அவர் என்ன செய்தார் என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம்.

மாரடைப்பில் பாதித்த தசை வழியாக மின்சாரம் தயங்கித் தயங்கிப் போகும். அதனால் கீழறைகளில் மின்சாரம் பரவுவதைக் காட்டும் பெரிய அலையான க்யூஆர்எஸ் முடியும் வால் பகுதியில் சில மைக்ரோவோல்ட் அளவுக்குச் சின்னச் சின்ன அதிர்வுகள் மிஞ்சும். அவர் பிடிக்க நினைத்தது அவற்றை. பல துடிப்புகளைச் சராசரி எடுத்து இரைச்சலைக் குறைக்கலாம். ஆனால் மெதுவான அலைகளை நீக்கும் ஹை பாஸ் ஃபில்டரைப் போட்டால், க்யூஆர்எஸ்ஸின் பெரிய உயரம் ஃபில்டரையே அதிர வைத்து, அந்த அதிர்வு வால் பகுதியின் மேல் விழுந்து தேடும் பொருளை மூடிவிடும். சிம்சன் சிக்னலை நேரத்தில் பின்னோக்கி, கடைசியிலிருந்து முன்புறமாக ஃபில்டருக்குள் அனுப்பினார். அப்போது வால் பகுதி முதலில் வருகிறது, பெரிய அலை பின்னால் வருகிறது. அதிர்வு வால் மேல் விழுவதில்லை. பிறகு அந்தப் பகுதியின் அளவை ஒரு வரம்போடு ஒப்பிட வேண்டியதுதான்.

எக்ஸ், ஒய், இசட் லீடுகளிலிருந்து கடைசி ஒப்பீடு வரை ஒவ்வொரு படியும் காகிதத்தில் இருக்கிறது. சிக்னல் தெரிந்த எந்த மாணவரும் அதை வைத்து ஒரு பெட்டியைச் செய்துவிடலாம். சிம்சன் தன் பங்கைக் கொடுத்தார், உரிமையை வாங்கிக்கொண்டார். நான் கேட்பதும் அந்தப் பங்கைத்தான். கணக்கு என்பதால் யாரையும் நான் தடுக்கவில்லை.

சட்டக்கல்லூரி_நிலா எழுதியது:

இருவரும் ஒரு படி தாண்டிப் போய்விட்டீர்கள் என்று நினைக்கிறேன். இந்தியாவில் இதற்குக் காப்புரிமையே கிடைக்கலாமா? பிரிவு 3(ஐ) மனிதருக்கான நோயறியும் முறைகளை விலக்குகிறது. பிரிவு 3(கே) கணித முறை, அல்காரிதம், தனி நிலையில் உள்ள கணினி நிரல் ஆகியவற்றை விலக்குகிறது.

2023 அக்டோபரில் ஹாங்காங் சீனப் பல்கலைக்கழக வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி செந்தில்குமார் ராமமூர்த்தி 3(ஐ)யை விரிவாக ஆராய்ந்தார். உடலுக்குள் செய்வது, வெளியே செய்வது என்ற பாகுபாட்டை அவர் ஏற்கவில்லை. உறுதிப்படுத்த இன்னும் சோதனைகள் வேண்டியிருந்தாலும், அந்த முறையை வைத்து மருத்துவரோ துறை வல்லுநரோ நோயை அறிய முடியுமானால் அது நோயறியும் முறைதான். ஈசிஜியை வாங்கி "இதயம் பலவீனம்" என்று சொல்லும் முறை அந்த வலைக்குள் நேராக விழுகிறது. மருத்துவர் நோயைக் கணிப்பதை யாரும் 20 வருடம் பூட்டி வைக்கக் கூடாது என்று நாடாளுமன்றம் முடிவு செய்திருக்கும்போது, வாசலிலேயே நிறுத்துவதுதான் நேர்மை. தரவு போதுமா போதாதா என்ற பேச்சுக்கு அதன் பிறகு இடமே இல்லை.

கிண்டி_ஏஜென்ட் எழுதியது:

முறையை நிறுத்தலாம் நிலா. கருவியை எப்படி நிறுத்துவீர்கள்? 3(ஐ) செய்முறையைத்தான் சொல்கிறது. அதனால் அனுபவமுள்ள ஏஜென்ட் யாரும் இப்போது "ஒரு முறை" என்று கிளெய்ம், அதாவது உரிமை கேட்கும் வாசகம், எழுதுவதில்லை. "சென்சாரும் பிராசஸரும் கொண்ட ஒரு சாதனம்" என்று எழுதுகிறார்கள். ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்திலும் ஜி 1/04 கருத்துரை வந்த 2005 முதல் இதே கதை: நோயறியும் முறைக்குத் தடை, அதைச் செய்யும் கருவிக்குத் தடை இல்லை. வாசல் ஒன்றை அடைத்தால் பக்கத்து வாசல் வழியாக வருவார்கள். கிளெய்மை எப்படித் திருப்பி எழுதினாலும் தப்ப முடியாத ஒரே கேள்வி 10(4). நான் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்குக் காரணம் அதுதான். பிரிவு 25(1)இன் கீழ் காப்புரிமை கொடுப்பதற்கு முன்பே யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு தாக்கல் செய்யலாம்; போதாத வெளிப்படுத்தலும் அதில் ஒரு காரணம். நோயாளி அமைப்புகள்கூடச் செய்யலாம்.

சட்டக்கல்லூரி_நிலா எழுதியது:

சொல்லைத் திருப்பி எழுதித் தப்புவதை எக்ஸாமினர் அனுமதிக்கக் கூடாது, பொருளைப் பார்க்க வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. ஆனால் எதிர்ப்பு மனு பற்றிச் சொன்னதை ஏற்கிறேன்.

அலைவரிசை எழுதியது:

மூன்று பேரும் மூன்று பக்கமிருந்து வருகிறீர்கள். என் பக்கம் எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன்.

ஈசிஜி கருவி செய்யும் அலைவ்கோர் என்ற சின்னக் கம்பெனி ஆப்பிளோடு மோதியதை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 டிசம்பர் மாதத்துக்குள்ளேயே இரண்டு தீர்ப்பு. அமெரிக்கக் காப்புரிமை வாரியம் அலைவ்கோரின் மூன்று காப்புரிமைகளும் செல்லாது, வல்லுநருக்கு எளிதில் தோன்றக்கூடியவைதான் என்றது. அடுத்த சில வாரத்தில் சர்வதேச வர்த்தக ஆணையம் ஆப்பிள் காப்புரிமையை மீறியது என்று சொல்லி இறக்குமதித் தடை போட்டு, வாரியத்தின் வழக்கு முடியும்வரை அதை நிறுத்தி வைத்தது. 2025 மார்ச்சில் ஃபெடரல் சர்க்யூட் வாரியத்தின் முடிவை உறுதிசெய்தது. அவ்வளவுதான், எல்லாம் போயிற்று. பெரிய கம்பெனிகள் பக்கத்தில் காசு இருக்கிறது, வக்கீல் இருக்கிறார்கள், கோடிக்கணக்கான மணிக்கட்டிலிருந்து தரவும் இருக்கிறது. எங்களிடம் இருப்பது பல மருத்துவமனைகளின் வாசலில் காத்திருந்து, எதிக்ஸ் கமிட்டி அனுமதி வாங்கி, இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனான எக்கோவோடு ஒவ்வொன்றாகப் பொருத்திச் சேர்த்த தரவு மட்டும்தான். அதையும் 18 மாதத்தில் வெளியாகும் விண்ணப்பத்தில் கொட்டச் சொல்கிறீர்கள். பிறகு நாங்கள் எதை வைத்துப் பிழைப்போம்? தவிர, அது நோயாளிகளின் தரவு. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 என்று ஒன்று இருக்கிறது.

டாக்டர்_வைகை எழுதியது:

உங்கள் கஷ்டம் புரிகிறது சார், மனதாரச் சொல்கிறேன். ஆனால் அடையாளம் நீக்கிய தரவைப் பொதுவில் வைத்ததால் இந்தத் துறை செத்துப் போகவில்லை. பாஸ்டன் பெத் இஸ்ரேல் மருத்துவமனையில் எடுத்த எம்ஐடி-பிஐஎச் அரித்மியா தொகுப்பு 1980 முதல் எல்லோர் கையிலும் இருக்கிறது. 47 பேரிடமிருந்து 48 பதிவு, ஒவ்வொன்றும் அரைமணி நேரம். நீங்களும் அதில்தான் கற்றுக்கொண்டிருப்பீர்கள்.

நான் மூல அலைகளைக் கேட்கவில்லை. 2019இல் மேயோ கிளினிக் குழு, ஈசிஜியை மட்டும் பார்த்து ஈஎஃப், அதாவது ஒரு துடிப்பில் இதயக் கீழறை வெளியே தள்ளும் ரத்தத்தின் விகிதம், 35 சதவீதமோ அதற்குக் குறைவோ உள்ளவர்களைக் கண்டுபிடிக்கும் நெட்வொர்க்கை வெளியிட்டது. 44,959 நோயாளிகளின் ஈசிஜி, எக்கோ ஜோடிகளில் பழக்கி, 52,870 பேரிடம் சோதித்தோம் என்று எழுதினார்கள். எத்தனை பேர், எதோடு ஒப்பிட்டார்கள், எங்கே தவறியது என்று கட்டுரையில் சொல்ல முடிகிறதை விண்ணப்பத்தில் சொல்ல ஏன் முடியாது?

கிண்டி_ஏஜென்ட் எழுதியது:

இன்னொரு வழியும் இருக்கிறது. எழுத்தில் விவரிக்க முடியாத நுண்ணுயிர்களை என்ன செய்கிறோம்? புடாபெஸ்ட் உடன்படிக்கைப்படி சண்டிகரில் உள்ள எம்டிசிசி என்ற நுண்ணுயிர்க் காப்பகம் போன்ற இடத்தில் வைப்பு வைத்து, அந்த எண்ணை விண்ணப்பத்தில் எழுதுகிறோம். பழக்கிய மாடலையும் அடையாளம் நீக்கிய தரவையும் அப்படி ஒரு காப்பகத்தில் வைக்கச் சட்டம் வழிசெய்தால், போட்டியாளர் இணையத்தில் அள்ளிக்கொண்டு போக முடியாது. காப்புரிமை காலாவதியானதும் ஊருக்குப் பயன்படும்.

அதுவரை டாக்டர் சொன்னதே போதும்: எண்ணிக்கை, நோய்வாரியான பிரிவு, சென்சார், சாம்பிளிங் வேகம், ஒப்பிட்ட அளவுகோல். கார்டியாக் அவுட்புட் என்றால், இதயத்துக்குள் குழாய் போட்டுக் குளிர்ந்த திரவத்தைச் செலுத்தி அளக்கும் தெர்மோடைல்யூஷனோடு ஒப்பிட்டீர்களா, எக்கோவோடா? அதைச் சொல்லாமல் துல்லியம் பற்றிப் பேச முடியாது.

அலைவரிசை எழுதியது:

பட்டியலைத் தர எனக்குத் தடையில்லை, வெயிட்டுகளைத் தர மாட்டேன். இன்னொரு நடைமுறைச் சிக்கல்: முதலில் தாக்கல் செய்தவருக்குத்தான் உரிமை. நல்ல மருத்துவத் தரவு சேரப் பல வருடம் ஆகும். பிரிவு 59 தாக்கலுக்குப் பிறகு புதிதாக எதையும் நுழைக்க விடாது. காத்திருந்தால் இடம் போகும், ஓடினால் "தரவு போதாது" என்பீர்கள்.

கிண்டி_ஏஜென்ட் எழுதியது:

ப்ரொவிஷனல், அதாவது முதல்கட்ட விண்ணப்பம் போட்டால் 12 மாதம் கிடைக்கும். அதற்குள் சைனஸ் ரிதம், அதாவது இயல்பான சீர்த்துடிப்பு உள்ள, நிலையான நோயாளிகளிடம் மட்டும்தான் நிரூபிக்க முடிந்ததா? கிளெய்மையும் அவர்களோடு நிறுத்துங்கள். பிறகு மேம்பாடு வந்தால் பிரிவு 54இன்படி பேட்டன்ட் ஆஃப் அடிஷன், அதாவது முதல் காப்புரிமையோடு சேரும் கூடுதல் காப்புரிமை போடலாம், அதற்குத் தனிப் புதுப்பிப்புக் கட்டணமும் இல்லை.

அலைவரிசை எழுதியது:

அப்படிச் சுருக்கினால், நாளைக்கு ஒருவர் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் நோயாளிகளைச் சேர்த்துப் பழக்கிவிட்டு என் வேலியைத் தாண்டிப் போய்விடுவார். யோசனை என்னுடையதாக இருக்கும், பலன் அவருக்குப் போகும்.

டாக்டர்_வைகை எழுதியது:

அந்த நோயாளிகளிடம் தெர்மோடைல்யூஷன் குழாய் போட்டு அளந்து, வேலை செய்கிறது என்று காட்டியவர் அவர்தானே சார்? நீங்கள் அவர்களை அளக்கவில்லை. அந்தப் பகுதி அவருக்குப் போவதில் எனக்கு எந்த அநியாயமும் தெரியவில்லை.