சீன வார்த்தை தனித்தனியா தெரியுது, வரியா வந்தா கண் தடுமாறுது – உதவி தேவை

கேள்வி:
வணக்கம். மாண்டரின்ல எச்எஸ்கே (சீன மொழித் திறன் தேர்வு) நாலாம் நிலைக்குப் படிச்சிட்டிருக்கேன். பட்டியல்ல இருக்கிற சொற்கள்ல முக்கால்வாசியை அட்டையில காட்டினா உடனே சொல்லிடுவேன். பத்தியா வந்தா கண் முன்னும் பின்னும் அலையுது. நேத்து ‘யென் ஜியூ ஷெங் மிங் ச்சி யுவென்’னு ஆறு எழுத்து வரிசையா வந்தது. முதல் மூணையும் சேர்த்து ‘யென்ஜியூஷெங்’, முதுகலை மாணவர்னு எடுத்துக்கிட்டேன். ‘மிங்’ அந்தரத்துல நின்னுடுச்சு. கண் பரிசோதனையும் பண்ணியாச்சு, பவர் சரியாத்தான் இருக்கு. சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டுக் காட்டுற ஆப் ஒண்ணு இருக்கு. அது பழக்கத்தைக் கெடுத்துடுமா?

பதில் 1:
கண்ணுல கோளாறு இல்ல தம்பி. சீன வரியில சொல் எங்க முடியுதுன்னு தாள் காட்டாது, படிக்கிறவர்தான் பிரிக்கணும். உங்க வரி ‘யென்ஜியூ / ஷெங்மிங் / ச்சியுவென்’. உயிரின் தோற்றத்தை ஆராய்வதுன்னு அர்த்தம். ‘ஷெங்’ முன்னாடியும் ஒட்டும், பின்னாடியும் ஒட்டும். அதான் உங்களைச் சறுக்க வெச்சுது.

படிக்கும்போது கண் வழுக்கிக்கிட்டே போறதில்ல, நிக்கும், தாவும். ஒரு இடத்துல ஏறக்குறைய கால் நொடி நிக்கும். நல்லாப் படிக்கிற சீனர் ஒரு தாவலுக்கு ரெண்டு மூணு எழுத்து கடப்பார். நிக்கிற இடத்துக்கு இடப்பக்கம் ஒரு எழுத்து, வலப்பக்கம் ரெண்டு மூணு எழுத்து, அவ்வளவுதான் உதவுற அளவுக்குத் தெரியும். அந்த வலப்பக்கம்தான் உயிர்நாடி. ‘யென்ஜியூ’ல நிக்கும்போதே ‘ஷெங்மிங்’ ஜோடியா கண்ணுல பட்டா, ‘ஷெங்’ தானா அந்தப் பக்கம் போயிடும். ஒவ்வொரு எழுத்துலயும் நின்னு உச்சரிப்பைத் தேடினா அடுத்ததுக்குக் கவனமே மிஞ்சாது. திரும்பிப் பார்க்கிறதுக்காக வருத்தப்படாதீங்க, தேர்ந்தவங்களும் செய்றதுதான்.

பதில் 2:
ஆப்பைத் தாராளமா பயன்படுத்துங்க. 2008ல வாசிப்பு ஆய்வாளர்களான பாய் ஷுவேஜுன், கீத் ரேனர் குழுவினர் சீனர்களையே வெச்சு இதைச் சோதிச்சாங்க. சொல்லுக்கு நடுவுல இடைவெளி விட்டப்போ வேகம் கூடவும் இல்ல, குறையவும் இல்ல. எழுத்துக்கு எழுத்து விட்டப்போ தாமதமாச்சு. சீனம் கத்துக்கிற வெளிநாட்டவரைப் பார்த்த பிந்தைய ஆய்வுல சொல் இடைவெளி வாசிப்பை எளிதாக்குச்சு. ஆனா அதுலயே தங்கிடாதீங்க. ஒரே பத்தியை முதல்ல இடைவெளியோட, அப்புறம் இல்லாம, ரெண்டு தடவை வாசிங்க. பின்யினை, அதாவது ரோமன் எழுத்துல வர்ற உச்சரிப்பை மறைச்சிடுங்க, அது மேல இருந்தா என் கண் எழுத்துக்கு இறங்கவே இறங்காது.

பதில் 3:
நான் ஓலைச்சுவடி படிக்கக் கத்துக்கிட்டவன். அங்கயும் இடைவெளி கிடையாது, புள்ளிகூட இருக்காது. பென்சிலும் நகலும்தான் எனக்குக் கைகொடுத்துச்சு: நகல்ல கோடு போட்டுப் பிரிச்சு வாசிக்கிறது, மறுநாள் கோடில்லாத நகலை எடுக்கிறது.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க. ஒரு வாரமா ரெண்டு வழியிலயும் செய்றேன். இன்னிக்குத் தோட்டம் பத்தின ஒரு பத்தியில ‘ஹுவா ஷெங் ஜாங்’ வந்தது. ‘ஹுவாஷெங்’னா வேர்க்கடலை, பென்சில் அங்கதான் போச்சு. அடுத்த எழுத்தையும் பார்த்துட்டுக் கையை நிறுத்தி, ‘ஹுவா’வுக்கு அப்புறம் கோடு போட்டேன். பூ வளருது.