மூணாறு கடைத்தெருவில் எந்த டீக்கடை?

கேள்வி: அடுத்த வாரம் போடிமெட்டு வழியாக மூணாறு வருகிறேன். கடைத்தெருவில் சின்ன டீக்கடையில் நின்று குடிக்க ஆசை. எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: அண்ணே, நான் எஸ்டேட்டில் வளர்ந்தவன். சமோவர், அதாவது வென்னீர் எப்போதும் சூடாக இருக்கிற பெரிய பாத்திரம், வைத்திருக்கிற கடையாகப் பாருங்கள். மூணாறு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் தூளுக்கு நேரம் கொடுக்க வேண்டும். துணி வடிகட்டியில் சிடிசி தூள் (குருணை குருணையாக இருக்கிற டீத்தூள்) போட்டு, வென்னீரைத் திரும்பத் திரும்ப ஊற்றிச் சாயம் இறக்குகிறவர்தான் மாஸ்டர். அவசரமாகக் கலக்குகிற இடத்தில் குடிக்காதீர்கள், மனசு கேட்காது. காலையில் வேலைக்குப் போகிற ஜனம் நிற்கும் கடைக்குப் போங்கள்.

இன்னொருவர்: பால் வேண்டாமென்றால் கட்டன் கேளுங்கள். பழம்பொரி (வாழைப்பழ பஜ்ஜி) சூடாக இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

கேட்டவர்: சரி, சீனி குறைக்க?

பதில்: முதலிலேயே சொல்லிவிடுங்கள் அண்ணே. தமிழிலேயே சொன்னால் போதும்.