வைஃபை ஐகானையே காணவில்லை

குழு: பெரம்பூர் குடும்பம்
சனிக்கிழமை

கார்த்திக், மாலை 6:12
மீனா அக்கா, பெரியப்பா கொடுத்த லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுவிட்டேன். எல்லாம் ஓடுகிறது, வைஃபை மட்டும் இல்லை. மேல் மூலையில் ஐகானே வரவில்லை. திங்கட்கிழமை ஓஎஸ் லேபுக்கு வேண்டும்.

சண்முகம், 6:14
நான் கொடுத்தபோது வைஃபை நன்றாகத்தான் இருந்தது.

ரவி, 6:15
பழைய மாடல், கார்டு போயிருக்கும். திங்கட்கிழமை மவுண்ட் ரோடு பக்கம் வேலை இருக்கிறது. ரிச்சி தெருவில் யூஎஸ்பி வைஃபை ஒன்று வாங்கி வரட்டுமா?

மீனா, 6:30
ரவி மாமா, இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம். அந்த யூஎஸ்பி அடாப்டருக்கும் லினக்ஸில் டிரைவர், அதாவது அதை இயக்கும் மென்பொருள், வேண்டும். சிலவற்றுக்கு அதைத் தேடி ஏற்றுவது இதைவிடப் பெரிய வேலை. கார்டு போய்விட்டதா இல்லையா என்று லேப்டாப்பே சொல்லும். கார்த்தி, எந்த லினக்ஸ்? எதிலிருந்து போட்டாய்?

கார்த்திக், 6:33
டெபியன் 11 அக்கா. லேபிலும் டெபியன்தான். சீனியர் ஒருவரின் பென்டிரைவில் டிவிடி பதிப்பு இருந்தது. நெட் இல்லாமலே முழுதும் ஏறிவிட்டது.

மீனா, 6:36
11 என்றதுமே பாதி புரிந்துவிட்டது. மூன்று கமாண்டைப் படமாக அனுப்பியிருக்கிறேன், அப்படியே அடி. முதலாவது, உள்ளே என்ன கார்டு இருக்கிறது என்று காட்டும். இரண்டாவது, வைஃபையை ஏதாவது பட்டன் அணைத்து வைத்திருக்கிறதா என்று பார்க்கும். மூன்றாவதுதான் முக்கியம். பூட் ஆகும்போது கர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி, எழுதிவைத்த வரிகளில் ஃபர்ம்வேர் பற்றியவற்றை மட்டும் எடுத்துத் தரும்.

சுதா, 6:38
கார்த்தி, டிபன் சாப்பிட்டாயா? ஜெயா, பிள்ளையை முதலில் சாப்பிட வை.

ஜெயா, 6:40
தட்டு பக்கத்திலேயே இருக்கிறது அண்ணி. ஆறிப்போகிறது.

கார்த்திக், 6:47
மூன்றாவது மட்டும் வரவில்லை அக்கா. அனுமதி இல்லை என்கிறது. சூடோ சேர்த்தால், நீ சூடோயர்ஸ் பட்டியலில் இல்லை என்கிறது.

மீனா, 6:49
ரூட் என்பது எல்லா அனுமதியும் உள்ள கணக்கு, சூடோ அந்த அனுமதியோடு ஒரு கமாண்டை ஓட்டுவது. டெபியனில் இன்ஸ்டால் செய்யும்போது ரூட் பாஸ்வேர்டு கொடுத்தால் உன் பெயர் சூடோவில் சேராது. எஸ்யு, ஓர் இடைவெளி, ஒரு சிறு கோடு, அப்புறம் எண்டர். ரூட் பாஸ்வேர்டைக் கேட்கும். அந்தக் கோட்டை விட்டுவிடாதே. அது இல்லாவிட்டால் ரூட்டுக்கு உரிய சில கமாண்டுகளையே காணோம் என்று சொல்லும்.

கார்த்திக், 6:55
[படம்] [படம்]

மீனா, 6:58
பார்த்தேன். கார்டு உயிரோடுதான் இருக்கிறது. இன்டெல் 7260. எந்த பட்டனும் அணைக்கவில்லை. இப்போது இரண்டாவது படத்தில் சிவப்பாக இருக்கும் வரியைப் படி. ஐடபிள்யூஎல் வைஃபை 7260-17 யூகோட் என்ற ஃபைலை ஏற்ற முடியவில்லை, கடைசியில் மைனஸ் 2. மைனஸ் 2 என்றால் அந்த ஃபைலே டிஸ்க்கில் இல்லை என்று அர்த்தம். டிரைவர் கர்னலோடு வந்துவிட்டது. கார்டுக்கு உள்ளே ஓட வேண்டிய சின்ன புரோகிராம், அதுதான் ஃபர்ம்வேர், அது வரவில்லை. டிரைவர் அதைத் தேடிப் பார்த்துவிட்டுக் கார்டை விட்டுவிட்டது. அதனால்தான் ஐகான்கூட இல்லை.

ரவி, 7:01
ஒரு ஃபைல்தானே, முதலிலேயே வைத்துக் கொடுத்தால் என்ன?

மீனா, 7:06
நியாயமான கேள்வி மாமா. அந்த ஃபைலை யாரும் பிரதி எடுத்துக் கொடுக்கலாம், ஆனால் அதன் மூல நிரலை இன்டெல் வெளியிடவில்லை. மூல நிரல் இல்லாததை முதன்மைத் தொகுப்பில் சேர்ப்பதில்லை என்று டெபியன்காரர்கள் 1997-லேயே ஒரு சமூக ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். அந்தப் பிடிவாதத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. அவர்கள் அப்படி நின்றதால்தான் நம் கணினியில் எது திறந்தது, எது மூடியது என்று நமக்குத் தெரிகிறது. ஆனால் வைஃபை இல்லாமல் வைஃபைக்கான ஃபைலை எப்படி இறக்குவது? 2022-இல் ஓட்டெடுப்பு நடத்தி, ஃபர்ம்வேரை இன்ஸ்டாலரோடு தரலாம் என்று முடிவு செய்தார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12-இலிருந்து அது சேர்ந்தே வருகிறது. கார்த்தியிடம் இருப்பது அதற்கு முந்தையது.

கார்த்திக், 7:08
அப்படியென்றால் 12-ஐப் புதிதாகப் போடட்டுமா?

மீனா, 7:10
இன்று வேண்டாம். இருப்பதைச் சரிசெய்துகொள், திங்கட்கிழமை லேபை முடி. போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, செட்டிங்ஸில் யூஎஸ்பி டெதரிங் போடு. அதற்குத் தனி ஃபர்ம்வேர் தேவையில்லை, லினக்ஸ் அதை ஒரு சாதாரண கம்பி நெட்வொர்க்காகவே எடுத்துக்கொள்ளும். போன் வீட்டு வைஃபையில் இருந்தால் பெரும்பாலான ஆண்ட்ராய்டுகளில் அதையே பகிரும், டேட்டா தீராது.

கார்த்திக், 7:19
டெதரிங் பட்டனை அழுத்தவே முடியவில்லை. மங்கலாக இருக்கிறது. சார்ஜ் மட்டும் ஏறுகிறது.

மீனா, 7:20
கேபிளை மாற்று. சார்ஜுக்கு மட்டும் என்று வரும் கேபிளில் டேட்டா கம்பி இருக்காது.

ஜெயா, 7:22
அப்பா போனோடு வந்த கேபிள் பீரோவில் இருக்கிறது. எடுத்துத் தருகிறேன்.

கார்த்திக், 7:27
நெட் வந்துவிட்டது! ஆனால் ஃபர்ம்வேரை இறக்க ஆப்ட் கமாண்டை ஓட்டினால் டிஸ்க்கைச் செருகச் சொல்கிறது.

மீனா, 7:31
டிவிடியிலிருந்து நெட் இல்லாமல் போட்டதால் அப்படி. ஆப்ட் எங்கிருந்து பேக்கேஜ்களை எடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கும் சோர்சஸ் லிஸ்ட் ஃபைலைத் திற. சிடிராம் என்று தொடங்கும் வரியின் முன்னால் ஒரு ஹாஷ் குறி (#) போடு, அந்த வரியை ஆப்ட் விட்டுவிடும். அடுத்து நான் அனுப்பும் படத்தில் உள்ள வரியைச் சேர். அந்த வரியின் கடைசியில் மெயின், கான்ட்ரிப், நான்-ஃப்ரீ என்று மூன்று பிரிவுகளும் இருக்க வேண்டும். ஃபர்ம்வேர் இருப்பது நான்-ஃப்ரீயில், அது விட்டுப்போனால் பேக்கேஜே கண்ணில் படாது. பிறகு ஆப்ட் அப்டேட், அப்புறம் ஃபர்ம்வேர்-ஐடபிள்யூஎல்வைஃபை இன்ஸ்டால், ரீஸ்டார்ட்.
[படம்]

கார்த்திக், 7:52
வந்துவிட்டது அக்கா!! நம் வீட்டு வைஃபை, கீழ் வீடு, எதிர் வீடு எல்லாம் காட்டுகிறது. கனெக்ட் ஆகிவிட்டது.

சண்முகம், 7:53
நல்லது. கார்டு போகவில்லை என்று நான்தான் சொன்னேனே.

ரவி, 7:55
மீனா, அம்பத்தூர் வீட்டிலும் ஒரு பழைய லேப்டாப் சும்மா கிடக்கிறது. அதிலும் இப்படிப் போடலாமா?

மீனா, 8:03
தாராளமாக மாமா. நேராக டெபியன் 12 அல்லது அதற்குப் பிந்தையதைப் போடுங்கள். அழிப்பதற்கு முன் பென்டிரைவிலிருந்தே ஓடும் லைவ் பதிப்பில் பூட் செய்து வைஃபை வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். கார்த்தி, நீயும் லேப் முடிந்ததும் 12-க்கு மாறிவிடு. அப்போது ஒன்றைக் கவனி. 12-இல் ஃபர்ம்வேரை நான்-ஃப்ரீயிலிருந்து பிரித்து, நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் என்று தனிப் பிரிவில் வைத்துவிட்டார்கள். சோர்சஸ் லிஸ்டில் அதையும் எழுதினால்தான் அப்டேட் தொடர்ந்து வரும்.

கார்த்திக், 8:05
குறித்துக்கொண்டேன் அக்கா. ரொம்ப நன்றி.

ஜெயா, 8:06
இப்போதாவது வந்து சாப்பிடு.