புதுப்பிப்பு: கென்ஷின் சீட்டாட்டம், சொன்னதை வாபஸ் வாங்குகிறேன்

கென்ஷின் இம்பாக்ட் என்ற சாகசச் சண்டை வீடியோ கேமின் 3.3 பதிப்பில் சீட்டாட்டம் வந்ததும், "இதிலும் காசு கறப்பார்கள்" என்று எழுதியிருந்தேன். தப்பு. சீட்டுகளை விளையாட்டுக்குள் சம்பாதிக்கும் நாணயத்திலேயே வாங்கலாம்.

அந்தப் பதிவுக்கு வந்த உங்கள் பதில்களில் பாதி பகடையைத்தான் திட்டின. சுற்றுக்கு எட்டுப் பகடை, முகங்களில் எண்ணுக்குப் பதில் நெருப்பு, நீர் போன்ற சின்னங்கள்; அவற்றைச் செலவழித்துத்தான் தாக்க முடியும். எனக்கும் அதே கதைதான். நேற்று சிங்கப்பூரின் யீஷூனில் ரயில் ஏறி ஆட்டத்தைத் தொடங்கினேன். தேவை நெருப்பு, மறுபடி உருட்டியும் வந்தது ஐந்து நீர். வேண்டாத சீட்டைக் கழித்து ஒரு பகடையை மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு தம்பி சொல்லியிருந்தாரே, அது நினைவுக்கு வருவதற்குள் பீஷான் நிலையம் வந்துவிட்டது, நானும் தோற்றுவிட்டேன்.

"சண்டை போட வந்த இடத்தில் சீட்டு எதற்கு?" என்று கேட்ட அண்ணே, அதுவும் சண்டைதான். என்ன, உட்கார்ந்துகொண்டு போடுவது.